பரஞ்ச்பே வீட்டுப் பலகை

புனேயில் வாசலில் பலகை மாட்டித் திட்டாதவர் குறைவு. எதிர்வீட்டு மாலதி பரஞ்ச்பேயின் பலகை: “திருட்டு ரோஜாவை எந்தச் சாமியும் முகராது.”

ஆனாலும் தினம் ஒரு பூ போனது. ஒரு விடியலில் ஒளிந்திருந்து பிடித்துவிட்டாள். கையில் கத்தரிக்கோலோடு பக்கத்து வீட்டு ஆப்டே.

“ஹெட்மாஸ்டரா இருந்தவரு, வெக்கமா இல்ல?”

“பிள்ளையாருக்குத்தாம்மா.”

“அவர் வந்து கேட்டாரா?”

அதோடு ஆப்டே வரவில்லை. ரோஜாக் கண்காட்சியில் பரிசு வாங்கும் ஆசையில் மாலதி ஒரு பூவையும் தொடவில்லை. எல்லாம் செடியிலேயே காய்ந்தன. பிறகு மொட்டே விடவில்லை.

மாலதி வரவழைத்த தோட்டக்காரர் செடியைப் பார்த்துச் சிரித்தார். “பூத்தத வெட்டினாத்தான் மறுபடி பூக்கும். முன்னாடி யாரோ சரியான எடத்துல வெட்டிருக்காங்க. அவரையே கூப்பிடுங்க.”

மறுநாள் என் சமையலறை ஜன்னலிலிருந்தே புதுப் பலகை தெரிந்தது: “ஆப்டே சார், தினமும் காலை ஆறு மணிக்குத் திருட வரவும். கண்காட்சி வாரம் மட்டும் விடுமுறை.”