நாலாவது கை

“மூணு பேரு பெசஞ்சிட்டுப் போயிட்டாங்க, நீ நாலாவது. இது வயிறா, சப்பாத்தி மாவாம்மா?”

கட்டிலில் மல்லாந்து படுத்தபடி அம்சா கேட்டாள். வெள்ளைக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த கீர்த்தி, “மெதுவாப் பாக்குறேன்க்கா” என்றாள்.

அம்சாவுக்கு மண்ணீரல் வீங்கி வருஷக்கணக்காகிறது. காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் சேலை பிரித்துப் போடுகிற வேலை. மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷப் பரீட்சை வந்தால் கடைக்கு லீவு சொல்லிவிட்டு இங்கே வந்து படுத்துக்கொள்வாள். மாணவர்கள் தொட்டுப் பார்த்து வியாதியைச் சொல்ல வேண்டும். அதை மட்டும் அவள் சொல்லக் கூடாது, மற்றதெல்லாம் பேசுவாள்.

கீர்த்திக்கு இது மூன்றாவது முயற்சி. பிள்ளையார்பாளையத்தில் தெருவே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டு மாத்திரை கேட்கிறது. பரீட்சை எடுப்பவர்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போன முறை ஒருவருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று அடித்துச் சொன்னாள். அதை எப்போதோ ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டிருந்தார்கள். தழும்பு வயிறு முழுக்க ஓடியது.

வெள்ளைக் கோட்டு மாட்டிய முதல் நாள், நோயாளிகளைக் கருணையோடு நடத்துவேன் என்று கை நீட்டி உறுதிமொழி எடுத்தபோது, அழுதவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். என்ன செய்வது, மார்க் மண்ணீரலுக்குத்தான் இருந்தது.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். “மூச்ச நல்லா இழுங்கக்கா” என்று அடிவயிற்றில் தொடங்கி இடப்பக்க விலா நோக்கி விரல்களை நகர்த்தினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னொரு முறை. மண்ணீரல் தன்னிடம் மட்டும் ஒளிந்துகொள்கிறது என்று அவளுக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு.

போக்கிடம் இல்லாமல் அவள் கண்கள் அம்சாவின் முகத்துக்குப் போயின. அம்சாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தி மறுபடி கையைக் கொண்டுபோனாள். விரல் படுவதற்குள்ளேயே அம்சா முகத்தைச் சுளித்துப் போர்வையை இறுகப் பிடித்தாள்.

“அம்மாடி!”

“வலிக்குதாக்கா?”

“உசுரு போவுதும்மா.”

கீர்த்தி சட்டென்று கையை எடுத்தாள். எடுத்ததும் உள்ளே ஒரு நிம்மதி பரவியது. அது யாருக்காக என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சில கேள்விகளைப் பரீட்சை முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வெளியூர்த் தேர்வாளர் திருஞானசம்பந்தம் கட்டில் அருகே வந்து நின்றார். ஃபெயில் போடுவதில் பேர் வாங்கியவர்.

“ஸ்ப்ளீன் எவ்ளோ பெருசா இருக்குது?”

“பாக்கல சார்.”

“என்னது?”

“அவங்களுக்கு வலிக்குது சார். இதுக்கு மேல அமுக்க மாட்டேன்.” சொல்லச் சொல்ல அது அவளுக்கே உண்மையாகிக்கொண்டு வந்தது. “என்ன ஃபெயில் பண்ணாலும் பரவால்ல சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கீர்த்தி மனதுக்குள் நாலாவது முயற்சிக்குத் தயாரானாள்.

“காலையிலேர்ந்து வந்தவன்லாம் வயித்தையே பாத்துக்கினு இருந்தான். இந்தம்மா மூஞ்ச ஒருத்தன் பாக்கல. வயித்துல கைய வெச்சா கண்ணு பேஷன்ட் மூஞ்சில இருக்கணும்னு நானும் வருஷம் பூரா கத்திக்கினு இருக்கேன்.”

மீதியை வாய்க் கேள்வியாகக் கேட்டார். எல்லாம் புத்தகத்தில் இருந்ததால் கீர்த்தி தப்பில்லாமல் சொன்னாள்.

“போங்க டாக்டர்” என்றார் அவர்.

வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டு, “பாஸுப்பா, இன்னிக்கி கருணைக்கும் மார்க் போட்டாங்க” என்று அழுதாள். தறியில் இருந்த அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாஸ் என்பது மட்டும் புரிந்தது.

நன்றி சொல்ல வார்டுக்குத் திரும்பி ஓடினாள். அம்சா கட்டிலில் சம்மணம் போட்டுத் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீர்த்தி அவள் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் வலிக்குதாக்கா? ஊசி போடச் சொல்லட்டா? நீங்க துடிச்சதப் பாத்து எனக்கு மனசே கேக்கலக்கா.”

“வலியா? எனக்கா?” அம்சா விரலில் ஒட்டியிருந்த ஊறுகாயை நக்கினாள். “நீ முழிச்சிக்கினு நின்னதப் பாத்து எனக்குத்தான் மனசு கேக்கலம்மா.”