இரண்டு கையையும் விட்டு

"அத்தை, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றபடி தாரணி ஸ்கூட்டரை ஜவுளிக்கடையின் பார்க்கிங் சரிவில் ஏற்றினாள். ஐந்து மாடிக்கும் சுற்றிச் சுற்றி ஏறுகிற பாதை. பின்னால் உட்கார்ந்திருந்த ரஞ்சிதம் மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் பெட்ரோல் வாசனை சுவரில் முட்டித் திரும்பி முகத்தில் அடித்தது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய வாசனை.

அப்போது பொருட்காட்சியின் மரணக்கிணற்றில், பலகைச் சுவர் தடதடக்க, அவள் பைக்கில் படுக்கைவாட்டில் சுற்றுவாள். மேல் விளிம்பில் நிற்கும் சனம் பூவோ ரூபாய்த் தாளோ நீட்டும். இரண்டு கையையும் விட்டு, போகிற வேகத்திலேயே அதைப் பறித்துப் பல்லில் கவ்வுவாள். அந்த நொடி பூமிக்கும் அவளுக்கும் ஒரு பாத்தியதையும் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம், அங்கே டிக்கெட் கிழிக்கிற வேலை என்று சொல்லியிருந்தார்கள். இன்றுவரை வீட்டில் அதுதான் நிஜம்.

கடைசி வளைவில் வாட்ச்மேன் டோக்கனை நீட்டியபடி நின்றார். தாரணி பிரேக் பிடிப்பதற்குள் ரஞ்சிதத்தின் உடம்பு தானாக உள்பக்கம் சாய்ந்தது. மருமகளின் தோளிலிருந்து இரண்டு கைகளும் கழன்றன.

வண்டி பத்தடி தள்ளிப் போய் நின்றது. வாட்ச்மேனின் வெறுங்கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"டோக்கன் வாங்கலியே, அத்தை" என்று திரும்பிய தாரணி எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

ரஞ்சிதத்தின் பற்களுக்கிடையே மஞ்சள் அட்டை. எப்படி என்று சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் அது விழுந்துவிடும்.