எதிர் வரிசை நாஸியா

அக்சிலியா டீச்சருக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

கதை சொன்னதும் அதில் சிக்கல் எது, தீர்வு எது என்று அவளுடைய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுகிறார்களாம். எடப்பாடி முழுக்க அதே பேச்சு. அதைப் பார்க்கக் கல்வி அதிகாரி இளஞ்செழியனே வந்துவிட்டார். அவர் தலையசைத்தால் போதும், மாவட்டத்துக்கே இது மாதிரி வகுப்பு.

பிள்ளைகள் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜேடர்பாளையத்துல ஆத்து மணல் திட்டுல ஒரு ஆட்டுக்குட்டி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு அணையில தண்ணியத் தொறந்து விட்டுட்டாங்க. சுத்தியும் வெள்ளம். தனப்பிரியா, இதுல சிக்கல் என்ன?"

தனப்பிரியா எதிர் வரிசையை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"குட்டியால கரைக்கு வர முடியாதுங்க டீச்சர்."

"தீர்வு?"

மறுபடி ஒரு பார்வை.

"பரிசல்ல போவோணுங்க. தாயாட்டையும் ஏத்திக்கிட்டுப் போவோணும். அப்பத்தான் குட்டி பயப்படாம ஏறும்."

அதிகாரி கைதட்டியே விட்டார். அக்சிலியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று மாதமாக ஒரு கதையிலும் தப்பு விடாத பிள்ளை அது.

"ஒரு நிமிஷம் டீச்சர்." அதிகாரி எதிர் வரிசையைக் காட்டினார். "அந்தப் பாப்பா வாய அசைக்குது, கையில என்னமோ ஜாடை காட்டுது. பதில் அங்கிருந்துதான் வருதோ?"

அங்கே இருந்தது நாஸியா. தனப்பிரியாவுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டிலும் விசைத்தறி. தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் அந்தத் தெருவே வாயசைத்து, கை காட்டித்தான் பேசிக்கொள்ளும். அந்த வித்தையை இந்தக் குட்டிப் பிசாசு வகுப்புக்குள்ளேயே இறக்கிவிட்டதா?

"நாஸியா! வெளிய போய் நில்லு."

நாஸியா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள்.

அதிகாரி செல்போனில் ஏதோ குறித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"தனப்பிரியா, ஒரு பாப்பாவோட பந்து கெணத்துல விழுந்துருச்சு. சிக்கல் என்ன?"

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதே தவிர, வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்?"

அக்சிலியாவின் முகத்தில் ஈயாடவில்லை. விறுவிறுவென்று வெளியே போனாள்.

"எத்தன நாளா இந்தத் திருட்டுத்தனம்? எல்லாப் பதிலும் நீதான் சொல்லிக் குடுத்தியா?"

நாஸியா திருதிருவென்று விழித்தாள்.

"பதிலு எனக்கே தெரியாதுங்க டீச்சர்."

"அப்புறம் என்னத்தச் சொன்னே?"

"காச்ச வந்து போனதுல இருந்து தனாவுக்குக் காது சரியாக் கேக்கறதில்லீங்க. தறி ஓடற ஊட்டுல அது யாருக்குமே தெரியலீங்க, அவங்கம்மாளுக்குங்கூட. நீங்க கேட்ட கேள்விய மட்டுந்தானுங்க சொன்னேன்."

 அக்சிலியா நாஸியாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, எதிர் வரிசையில் உட்கார வைத்தாள்.

"தனப்பிரியாவுக்குக் காது சரியாக் கேக்கல சார், இவ சொன்னது பதில் இல்ல, கேள்வி. நாஸியா, சார் கேட்டத அவளுக்குச் சொல்லு சாமி."

நாஸியாவின் உதடு அசைந்தது. விரல்கள் பந்தாயின, கிணறாயின. தனப்பிரியாவின் முகம் மலர்ந்தது.

"எட்டிப் பாத்தா உள்ள உழுந்துருவாங்க. அதானுங்க சிக்கல். தீர்வு, பெரியவங்களக் கூப்புடோணும்."

அதிகாரி செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரமாதமாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்."

அக்சிலியாவுக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. இருந்தும் நாஸியாவின் தோளைத் தொட்டு, தலை நிமிர்ந்துதான் சொன்னாள்.

"நான் கதையில இருக்கற சிக்கலத்தான் சார் சொல்லிக் குடுத்தேன். கிளாஸ்ல இருந்ததக் கண்டுபுடிச்சுத் தீர்த்து வெச்சது இவ."