சுரண்டிய பெயர்

கூண்டில் ஏறுவதற்கு முன் பெயின்டர் தன் மனைவியைத் தூக்கி வந்து, முன்வரிசை பெஞ்சில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தார்.

அவள் உட்காரும் சக்கர நாற்காலி, வழக்கு எண் எழுதிய அட்டை கட்டப்பட்டு, நீதிபதியின் மேசைக்குக் கீழே நின்றது. இந்த வழக்கின் திருட்டுப் பொருள் அதுதான்.

பழைய சாமான் கடையில் வாங்கினார் என்பதை யாரும் மறுக்கவில்லை. களவு போனது என்று தெரிந்தே வாங்கினாரா என்பதுதான் கேள்வி. தெரிந்தேதான் என்று ஆகிவிட்டால் சிறை. அப்புறம் அவளைத் தூக்கி உட்காரவைக்க நாதி கிடையாது.

அரசு வக்கீல் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். அதில் இருந்த பெயரை மழமழவென்று சுரண்டி, மேலே நீல பெயின்ட் அடித்திருந்தது. இத்தனை நேர்த்தியாகத் தடயத்தை அழித்து அவர் பார்த்ததே இல்லையாம். ஆயுசு முழுக்கச் சுவரடித்த மனுஷனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு இப்படியா வந்து சேர வேண்டும்.

சீட்டுக்கு அடியில் பொறித்திருந்த நம்பரைத் தன் கட்சிக்காரர் தொடவே இல்லை, ஏமாற்ற நினைத்தவன் அதையல்லவா முதலில் அழித்திருப்பான் என்று பெயின்டரின் வக்கீல் வாதாடிப் பார்த்தார். குனிந்து பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான் என்று ஒரே போடாகப் போட்டார் அரசு வக்கீல். பிறகு பெயின்டரிடம் திரும்பினார்.

“ஒண்ணும் தெரியாதுன்னா, பேரை எதுக்குச் சுரண்டினீங்க?”

போலீசிடம் துரு என்று சொல்லியிருந்தார். சொந்த வக்கீலிடமும் அதே துருதான். அவளைத் தனியாக விட முடியாமல் போகிற இடமெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு போனவர், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வார். இன்றும் பெஞ்சில் இருந்தவளை ஒருமுறை பார்த்துவிட்டு, துரு என்றார்.

சரி, நானே சொல்கிறேன் என்று அரசு வக்கீல், கைப்பிடியில் முன்பு எழுதியிருந்த, புகார் கொடுத்த மருத்துவமனையின் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெஞ்சில் அவள் நிமிர்ந்தாள்.

“ஏங்க, அங்கதானே நம்ம பையனைச் சேர்த்திருக்கு? எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்களாம்?”

சேர்த்த பையன் அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. அதன்பின் அவளுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. நாற்காலி வந்த நாளிலிருந்து, கைப்பிடியில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்டாள். அவரும் உண்மையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுச் செய்தி. அவள் அழுததைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒருநாள் உப்புத்தாளைக் கையில் எடுத்தார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அரசு வக்கீல் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“நாளைக்கு அனுப்பிடுவாங்கம்மா” என்றார் பெயின்டர், கூண்டில் நின்றபடியே.

அவள் தலையாட்டினாள். பிறகு பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம், பையன் சட்டையைத் துவைத்துப் போட வேண்டும் என்றாள்.