குடைக் காசு

“யாரைக் கேட்டுக் கழுவினே?”

மாமனாரின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மேசையில், பழைய துணி ஒன்றின் மேல், செப்புக் காசுகள் சில புதுப் பாத்திரம் போலப் பளபளத்தன.

“அவர் கொண்டு வந்த காசு, மாமா. கறுத்துப் போய்க் கிடந்துச்சு. இன்னைக்குப் பெரிய மனுஷங்க பார்க்க வர்றாங்களேன்னு...”

“எதை வெச்சுத் தேய்ச்சே?”

“கம்பி நார். பாத்திரம் தேய்க்கிற பொடி.”

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பழங்காசு சேர்ப்பவர்கள் கொலையைக்கூட மன்னித்து விடுவார்கள். காசைக் கழுவுவதை மன்னிக்க மாட்டார்கள்.

இவர் சேர்த்ததும் சாதாரணக் காசுகள் இல்லை. ஒரு காலத்தில் கடைக்காரர்கள், கல்லாவுக்கு வந்த காசின் மேல் தங்கள் கடைச் சின்னத்தைச் சுத்தியலால் அடித்து, சில்லறையோடு சில்லறையாக வெளியே விடுவார்கள். விளம்பரம்தான். நோட்டீஸ் கொடுத்தால் தெருமுனையில் கசக்கிப் போடுவார்கள். காசை யார் போடுவார்கள்?

பூட்டுக் கடை, மருந்துக் கடை, கடிகாரக் கடை எல்லாம் அவரிடம் இருந்தன. போக்குக் காட்டியது குடைக் கடை ஒன்றுதான். காசில் இருக்கும் ராஜாவின் தலைக்கு மேல் குட்டியாக ஒரு விரித்த குடை. அதன் கைப்பிடி வலப்பக்கம் வளைந்திருக்கும். எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தக் காசின் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருந்தார். மகனுடைய கல்யாணப் படம் அதற்குக் கீழேதான்.

அந்த மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. லேத் பட்டறைக்குப் போனான். அப்பா அவனுக்குச் ‘செல்லாக்காசு’ என்று பெயர் வைத்துப் பேச்சையும் நிறுத்திக்கொண்டார். தணிக்கை அதிகாரியாக இருந்தவர்; ஒருமுறை கழித்ததை மறுபடி கூட்ட மாட்டார்.

அப்புறம் ஒருநாள், “பழைய இரும்புக் கடையில கிடைச்சுது” என்று அவன் ஒரு குடைக் காசைக் கொண்டு வந்து நீட்டினான். அன்றைக்குத்தான் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவ்வப்போது ஒன்று கிடைத்தது. கிடைத்த நாளெல்லாம் அப்பனும் பிள்ளையும் ஒரே பூதக்கண்ணாடிக்குச் சிரித்துச் சிரித்து அடித்துக்கொள்வார்கள்.

போன வருஷம் ஒரு லாரி அந்தச் சிரிப்பை முடித்து வைத்தது.

நாணயச் சங்கத் தலைவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மேசையைப் பார்த்தவர் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து பாதி எடுத்து, திரும்ப உள்ளே போட்டார்.

“என்ன சார் இது, பாத்திரக் கடை மாதிரி?”

“எல்லாம் மருமகளோட கைங்கரியம்.”

“அடடா. காசு பழசு, அதுல சந்தேகமில்லை. ஆனா மேல இருக்கிற முத்திரையோட வயசை அந்தக் குழியில படிஞ்ச கறைதான் சொல்லும். அதையும் சேர்த்துச் சுரண்டியாச்சு. இனிமே பிரம்மாவே வந்தாலும், இது நேத்து அடிச்சதா, அந்தக் காலத்துல அடிச்சதான்னு சொல்ல முடியாது.”

“நேத்தா? இது என் மகன் கொண்டு வந்தது சார்.”

“இல்லேன்னு சொல்லலியே. சங்கத்துப் புத்தகத்துல போட முடியாது. அவ்வளவுதான்.”

மருமகள் கொண்டு வந்து வைத்த தேநீர் ஆடை கட்டியது. தலைவர் போய்விட்டார்.

“உங்க அண்ணனுக்குப் போன் பண்ணு. வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

“மாமா, அண்ணன் வீட்டு நிலைமை உங்களுக்கே...”

“குடைக் காசைக் கண்டெடுத்தவன்னு புத்தகத்துல அவன் பேர் வந்திருக்கும். இந்த வீட்டுல எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான். அதையும் நார் போட்டுத் தேய்ச்சுட்டே. உன் முகத்துல எப்படி முழிப்பேன் தினமும்?”

அவள் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“ஏதோ தெரியாம செஞ்சுட்டா மாமா. பெரிய மனசு பண்ணி...”

“நாலு வருஷமா இந்த வீட்டுல இருக்கா. தெரியாதாமா?”

அண்ணன் தங்கையிடம் திரும்பினான். “கழுவக்கூடாதுன்னு நிஜமாவே உனக்குத் தெரியாதா?”

“தெரியலைண்ணா.”

“மக்கு. உங்க அண்ணிகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

அவள் பெட்டியைத் தூக்கினாள்.

“நில்லு. திறந்து காட்டிட்டுப் போ. மிச்சக் காசாவது பத்திரமா இருக்கணும்.”

அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டான். அவள் குனிந்து பெட்டியைத் திறந்தாள். துணிமணிகள். அடியில் கணவனின் பட்டறைச் சட்டை. சட்டைக்குள் ஏதோ கனமாக இருந்தது. மாமனார் உதறினார். விரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டு. சுத்தியல் அடி வாங்கி வாங்கி அதன் ஒருமுனை காளானாகப் பிதுங்கியிருந்தது.

“இது என்ன?”

“பட்டறைச் சாமான், மாமா. அவர் ஞாபகமா எடுத்துக்கறேன்.”

எந்தக் காசையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்காதவர், பிதுங்கிய முனையைத் தடவிவிட்டு அதைப் பெட்டிக்குள் போட்டார்.

“இரும்புதானே. கொண்டு போ.”

அவர் குடைப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அந்தத் துண்டை எடுத்து மறுபடி சட்டையில் சுற்றினாள். அவர் பார்க்காத மறுமுனையில் குட்டியாக ஒரு விரித்த குடை செதுக்கியிருந்தது. கைப்பிடி மட்டும், ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து திரும்பியிருப்பது போல, இடப்பக்கம் வளைந்திருந்தது.