நடுவில் ஒரு பனிப்புகார்

"உது பிழை, தம்பி," என்றார் இராசநாயகம், ஓவியத்தின் நடுவை விரலால் சுட்டி.

ஓவியன் குருநகர்க் கிறிஸ்ரோபர் அந்த விரல் தொட்ட இடத்தைப் பார்த்தான். யாழ்ப்பாணத்தில் அவன் வைத்த முதல் கண்காட்சி. சுற்றிப் பார்த்த எல்லோரிலும் இவர் ஒருவர்தான் வாங்குவதாகச் சொன்னார். அதுவும் அந்த நீர்வர்ண ஓவியத்தை: சாம்பல் நிறத்தில் நனைந்து கிடக்கும் பரிஸ் தெரு, ஓரத்தில் பாண் விற்கும் பேக்கரி.

"இருவது வருசம் அங்கை இருந்திட்டு வந்தனான். உந்தத் தெரு, பாண் கடை, எல்லாம் அச்சொட்டா இருக்கு. ஆனால் பனிப்புகார் உப்பிடி வட்டமா ஒரு இடத்திலை நிக்காது. நீர் எங்கை நிண்டு கீறினனீர்?"

"நான் அங்கை போகேல்லை, அண்ணை. மூண்டு தரமும் விசா இல்லையெண்டிட்டாங்கள்."

"அதுதானே பாத்தன்! ஃபோட்டோவைப் பாத்துக் கீறினால் உப்பிடித்தான். உந்த வட்டத்தை எடுத்துவிடும், இப்பவே வாங்கிறன்."

"அதை மட்டும் எடுக்கேலாது, அண்ணை."

"பிழையெண்டு சொல்லுறன், பிறகென்ன பிடிவாதம்?"

கிறிஸ்ரோபரின் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி றெஜினா. வீடியோ அழைப்பைத் திறந்தான். சாத்திய யன்னல் கண்ணாடி வழியாக அதே தெரு, அதே பாண் கடை.

இராசநாயகம் எட்டிப் பார்த்தார்.

ஏழு வருடமாய்க் கேட்பதையே கிறிஸ்ரோபர் கேட்டான். "அங்கை இருக்கிறதுக்கான விசா காட் வந்திட்டுதோ?"

"இல்லையப்பா. அது இல்லாமல் வெளியிலை இறங்கப் பயமாக் கிடக்கு. இண்டைக்கும் யன்னலடியிலைதான் நிக்கிறன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள், மூச்சுப் பட்டு, கண்ணாடியின் நடுவில் வெள்ளையாய் ஒரு வட்டம் படர்ந்தது.