மூடி வைத்த படம்

காகிதம் வெட்டும் கத்தியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தார் அச்சகக்காரர். இன்றோடு அந்தப் படத்தை ஒழித்துக்கட்டாமல் வீடு திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

சிலுவையில் எய்ட்ஸ் நோயாளியாக இயேசுவாம்! உடம்பெல்லாம் புண்ணாம், இடுப்பில் ஆஸ்பத்திரித் துணியாம். கேள்விப்பட்ட அன்றே அவருக்குப் பற்றி எரிந்தது. 'பார்ப்பதே பாவம்' என்று சுவரொட்டி அடித்துத் தெருத்தெருவாக ஒட்டினார். தன் மாதா கோவில் ஆட்களில் ஒருவரையும் அவர் பார்க்க விடவில்லை, தானும் பார்க்கவில்லை. அவர் போட்ட கூச்சலில் கண்காட்சிக்காரர்கள் படத்தைக் கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

மூடிய படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்திருந்தார். எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் இல்லத்தை நடத்துகிறவர் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள்.

"நீங்களும் எதிர்க்கத்தான் வந்தீங்களா சிஸ்டர்?"

"இல்லைங்க. இதைக் கொண்டாந்து மாட்டினதே நான்தான். எங்க இல்லத்துல இருந்தவன் வரைஞ்சது."

அச்சகக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. "எவன் அவன்? கையை ஒடிக்காம விடமாட்டேன். அந்த நோய் வந்ததே கடவுள் குடுத்த தண்டனை!"

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒருத்தன் இருந்தான். தலைமுழுகிட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்த கத்திப் பிடியைப் பார்த்தார் சிஸ்டர். "கிழிக்கத்தானே வந்தீங்க? கிழிங்க, நான் தடுக்க மாட்டேன். துணியை மட்டும் எடுத்துட்டுக் கிழிங்க."

இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே இழுப்பில் துணியை இழுத்தார்.

முள்முடிக்குக் கீழே, கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, அவருடைய பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தி கீழே விழுந்தது. "எங்க... எங்க அவன்?"

"கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சான். முடிச்ச கையோட போய்ட்டான். சாகக் கெடக்கிறான்னு நான் போன் பண்ணினேன், அவன் பேரைக் கேட்டதும் வெச்சுட்டீங்க."

சிஸ்டர் குனிந்து கத்தியை எடுத்து, அவர் கையில் திரும்ப வைத்தார். அந்த முகத்தில் இரக்கம் துளியும் இல்லை.

"சாவுக்கு வரமாட்டாரு, கிழிக்கன்னா ஓடி வருவாருன்னு அவன்தான் சொன்னான்."